நல்ல தண்ணியின் வேலை

படகை விற்ற வெள்ளைக்காரர் பேரம் முடியும்வரை ஒரே இடத்தில் நின்றார். கேபினுக்குள் இறங்கும் படிகளுக்கு முன்னால், மேசைக்குப் பக்கத்தில், ஒரு அடி இப்படி அப்படி நகரவில்லை. எஞ்சினைக் காட்டினார், அடுப்பைக் காட்டினார், பாய்ப் பைகளைக் காட்டினார். எல்லாம் நின்ற இடத்திலிருந்து கையை நீட்டித்தான். ஒடுக்கமான இடத்தில் எங்களுக்கு வழிவிட்டு நிற்கிறார், மரியாதைக்காரர் என்று அண்ணை சொன்னார். காசு கைமாறி அவர் ஏணியால் இறங்கிப் போன பிறகு அண்ணை அந்த இடத்தில் காலை வைத்தார். கம்பளத்துக்குக் கீழே தரை மெதுவாக உள்ளே போய், மெதுவாக மேலே வந்தது.

அண்ணை என் கூடப்பிறந்தவரல்ல. மாமி வீட்டுப் பக்கத்தால் ஏதோ உறவு. வல்வெட்டித்துறைக்காரர். லண்டனில் ஆயுளின் பாதியைக் கடிதம் பிரித்துப்போடும் வேலையில் கழித்தவர். பென்சன் எடுத்ததும் மற்றவர்கள் பிள்ளைகளின் வீட்டுக் கடனுக்குக் காசு கொடுக்க, இவர் படகு வாங்கினார். "என்ரை பாட்டனுக்குக் கப்பல் இருந்தது. எனக்கு இருபத்தாறடியாவது வேண்டாமோ?" என்பது அண்ணியிடம் அவர் வைத்த நியாயம். அண்ணி பதில் சொல்லவில்லை என்றும், அந்த மாதம் முழுக்க வீட்டில் கறிக்கு உப்புக் கூடிக்கிடந்தது என்றும் பிறகு கேள்விப்பட்டேன். என்னை அவர் கூட்டுச் சேர்த்ததற்கு ஒரே காரணம், நான் ஒரு பள்ளிக்கூடத்தின் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் உதவியாளனாக இருந்தேன், என்னிடம் நல்ல ஆயுதப்பெட்டி ஒன்று இருந்தது என்பதுதான்.

படகு வெஸ்டர்லி சென்டோர். லோரன்ட் ஜைல்ஸ் நிறுவனம் வரைந்தது. 1969இல் வெளிவந்து 1980 வரைக்கும் 2,400க்கு மேல் கட்டப்பட்டது. கண்ணாடியிழை வந்து படகின் விலையை இறக்கி, மாதச் சம்பளக்காரரும் குடும்பத்தோடு கடலில் இரவு தங்கலாம் என்று ஆக்கிய காலத்தின் படகு. அழகி என்று யாரும் சொல்லமாட்டார்கள். கேபின் உயரமாக, பெட்டியாக இருக்கும். ஆனால் உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், நான்கு பேர் படுக்கலாம், மழைக்குள் சமைக்கலாம். அடியில் ஒற்றை ஏராவுக்குப் பதிலாக இரண்டு பக்கமும் இரண்டு இரும்பு ஏராக்கள். வற்றில் தண்ணீர் போய்விட்டால் சாய்ந்து விழாமல் இரண்டையும் சேற்றில் ஊன்றி நிற்கும். எசெக்ஸ் கரையில் பிளாக்வோட்டர் ஆற்றுவாயில் இது சின்ன வசதி அல்ல. அங்கே வற்றுக்காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் நிறச் சேறு, நடுவில் ஒரு வாய்க்கால், அதில் கொக்கு. பெருக்கு வந்தால்தான் அது கடல் என்று நம்பலாம். எங்கள் படகு அந்த ஆற்றுவாயில், மால்டனுக்குக் கிட்ட ஒரு யார்டில், குளிர்காலத்துக்காகக் கரையேற்றப்பட்டு நின்றது.

கம்பளத்தைக் கிழித்தோம். அது தரையில் விரித்த கம்பளமல்ல, ஒட்டிய கம்பளம். கீழே பஞ்சுறை வைத்து, பசை பூசி, ஓரங்களில் ஆணி அடித்து, முன்பு யாரோ ஒருவர் நல்ல மனதோடு அழகுபடுத்தியிருந்தார். படகைக் கெடுப்பவர்களில் பாதிப்பேர் அழகுபடுத்துகிறவர்கள் என்பது என் அபிப்பிராயம். அந்தப் பஞ்சுறை வருசக்கணக்காகத் தண்ணீரைக் குடித்து வைத்திருந்தது. அதன் கீழிருந்த பிளைவுட்டைத் திருகாணிச் சாவியால் கிண்டினேன். நனைந்த பிட்டாகக் கையோடு வந்தது. மேல் தாளும் கீழ்த் தாளும் மட்டும் மிஞ்சி, நடுவில் ஒன்றும் இல்லை. விற்றவரின் பாரத்தை அன்றைக்கு எது தாங்கியது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பலகையை எடுத்ததும் கீழே அடிக்குழியில் ஒரு சாண் தண்ணீர் கிடந்தது. கறுப்பு நிறம். மேலே எண்ணெய் மினுங்கியது.

"தம்பி, உந்தத் தண்ணியைக் கொஞ்சம் நாக்கில வைச்சுப் பார்."

"அண்ணை, டீசல் மணக்குது."

"விழுங்கச் சொல்லேல்லை. வைச்சிட்டுத் துப்பு."

விரல் நுனியை எண்ணெய்க்குக் கீழே விட்டு எடுத்து வைத்தேன். டீசல், துரு, பழைய கம்பளம், எல்லாம் இருந்தது. உப்பு மட்டும் இல்லை.

"நல்ல தண்ணி அண்ணை."

"எனக்கும் தா," என்று தானும் ஒரு விரலை விட்டு நக்கிப் பார்த்தார். நான் சொன்னதை அவர் நம்பவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் தண்ணீர் விஷயத்தில் அடுத்தவன் நாக்கை நம்பமாட்டான். சுண்ணாம்புக் கல்லுக்குள் மழைத் தண்ணீர் தேங்கி, கடல் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிற நிலம் அது. ஒரு வளவுக் கிணறு நல்ல தண்ணி, வேலிக்கு அப்பால் சவர்த்தண்ணி. எங்கள் வீட்டுக் கிணறே மாரியில் ஒரு ருசி, ஆடியில் ஒரு ருசி. கலியாணம் பேசும்போது மாப்பிள்ளையின் படிப்போடு வளவுக் கிணற்றையும் விசாரித்த கிழவிகளை நான் கண்டிருக்கிறேன்.

யார்டில் மரவேலை செய்யும் முதியவர் ஒருவர் இருந்தார். மரப்படகு கட்டும் தொழிலைச் சின்ன வயதிலேயே பழகி, கண்ணாடியிழை வந்த பிறகு திருத்த வேலைக்காரராகிப் போனவர். அண்ணை அவருக்கு 'வெள்ளை ஓடாவி' என்று பெயர் வைத்திருந்தார். நாங்கள் இருவரும் விரலை நக்குவதை ஏணியில் நின்று பார்த்துவிட்டு, உப்பா, இல்லையா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும் முகம் வாடிவிட்டது. எங்களுக்கோ சந்தோசம். உப்பில்லை என்றால் படகின் அடியில் ஓட்டை இல்லை, கடல் உள்ளே வரவில்லை. அவருடைய கணக்கு வேறு. கடல் வந்தால் வந்த வழி ஒன்றுதான் இருக்கும்: ஒரு குழாய், ஒரு அடைப்பான், எஞ்சின் தண்டு வெளியே போகிற துவாரம். அரைநாளில் கண்டுபிடிக்கலாம். மழை வந்தால் வழி ஆயிரம்.

இன்னொன்றும் சொன்னார். மரத்தை அழுக வைப்பது கடல் அல்ல, மழை. இது நான் ஓரளவு படித்திருந்ததுதான், ஆனால் கையில் பிட்டை வைத்துக்கொண்டு கேட்கும்போது வேறுமாதிரி விளங்கியது. மரத்தை உக்க வைப்பது ஒருவகைப் பூஞ்சணம். மரத்தின் ஈரம் நூற்றுக்கு இருபதுக்குக் கீழே இருந்தால் அதற்கு அங்கே வேலை இல்லை. அதற்கு மேலே ஈரமும், கொஞ்சம் காற்றும், மூடிவைத்த வெப்பமும் கிடைத்தால் போதும். உப்பு அதற்கு ஆகாது. வட அமெரிக்காவின் பேரேரிகளில் மரக்கப்பல் கட்டியவர்கள் விலா மரங்களுக்கு இடையே கல்லுப்பைக் கொட்டி நிரப்பிவிடுவார்கள். ஏரி நன்னீர் என்பதால் உப்பைத் தாங்களே கொண்டுவர வேண்டியிருந்தது. எங்கள் படகோ கடலில் நின்று மழையில் அழுகியிருக்கிறது. மால்டன் ஊரே உப்புக்குப் பேர்போனது. 1882இல் தொடங்கிய மால்டன் உப்புக் கொம்பனியின் செதில் உப்பு உலகமெங்கும் சமையல்காரர்களின் மேசைக்குப் போகிறது. "அங்கை ஒரு மூடை வாங்கி உள்ளுக்கை கொட்டினால் என்ன?" என்றார் அண்ணை. அந்த உப்பின் விலையைச் சொன்னேன். பேச்சை விட்டுவிட்டார்.

ஆகவே தரையைத் திருத்துவதென்று தொடங்கிய வேலை முதலில் எங்களைக் கூரைக்கு ஏற்றியது. தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் தரையை மாற்றுவது நாலைந்து வருசத்துக்குப் பிறகு இதே வேலையைத் திரும்பச் செய்வதற்கு முற்பணம் கட்டுவது. கண்ணாடி யன்னல்களைத்தான் முதலில் சந்தேகித்தோம். அந்த வயதுப் படகில் யன்னல் ஒழுகாவிட்டால்தான் புதினம். முந்திய உரிமையாளரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். யன்னல் சட்டங்களைச் சுற்றி வெளியால் சிலிக்கன் பசையை அள்ளிப் பூசியிருந்தார். சிலிக்கன் ஒருமுறை பட்ட இடத்தில் பிறகு பெயின்ட்டோ வேறு பசையோ சரியாக ஒட்டாது. சுரண்டியெடுக்கும்போது அண்ணை பாவித்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

வழி கண்டுபிடிக்க அண்ணை ஒரு யுக்தி கொண்டுவந்தார். உள்ளே யன்னல்களுக்குக் கீழும், படுக்கைகளின் ஓரத்திலும், அலமாரிகளுக்குள்ளும் குட்டிக்கூரா பவுடரைத் தூவினோம். மழை பெய்த அடுத்தநாள் வந்து பார்த்தால் தண்ணீர் நடந்த பாதை பவுடரில் கோடாகக் கிடக்கும். படகு முழுக்கக் கலியாண வீட்டு மணம். மழைக்கு எசெக்ஸில் பஞ்சமில்லை. யன்னலடிப் பவுடர் போட்டபடி இருந்தது. இடதுபக்கப் படுக்கைக்குப் பின்னால், யன்னலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத இடத்தில், சுவர்த் துணியின் அடியிலிருந்து ஒரு கோடு.

பிறகு தோட்டத்துக் குழாயைப் பிடித்துச் சோதித்தோம். கீழேயிருந்து மேலே போகவேண்டும். மேலேயிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து ஒன்றும் விளங்காது. ஒருவர் உள்ளே டோர்ச்சோடு, ஒருவர் வெளியே குழாயோடு. கேபின் கூரையின் மேல் நடக்கும்போது பிடித்துக்கொள்வதற்கு நீளமான மரக்கைபிடி ஒன்று இருக்கிறது. அதைப் பொருத்திய திருகாணிகளில் ஒன்றின் அடியில் பசை காய்ந்து வெடித்திருந்தது. தண்ணீர் அந்தத் துவாரத்தால் இறங்கி, கூரைக்கும் உள்துணிக்கும் இடையே பின்பக்கமாக ஓடி, சுவரால் வழிந்து, படுக்கைப் பெட்டியின் பின்னால் போய், தரைக்குக் கீழே சேர்ந்திருந்தது. துவாரத்துக்கும் அழுகிய இடத்துக்கும் இடையே இரண்டு ஆள் நீளம். கைபிடியைக் கழற்றி, துவாரங்களின் வாயைக் கொஞ்சம் அகட்டி, பியூட்டைல் நாடா வைத்து இறுக்கினோம். மலிவான சாமான். பெறுமதியைப் பார்த்தால் முழு வேலையிலும் முக்கியமான செலவு அதுதான்.

அத்தோடு இன்னொரு விஷயம். தண்ணீர் கீழே வந்தது ஒரு குற்றம் என்றால், வந்த தண்ணீர் தேங்கி நின்றது மற்றக் குற்றம். தரையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களின் அடியில் சின்னச் சின்ன வடிதுளைகள் வைத்திருப்பார்கள். எங்கே தண்ணீர் வந்தாலும் அவை வழியாக மிகத் தாழ்ந்த இடத்துக்கு ஓடி, அங்கே பம்பின் வாய்க்குப் போகவேண்டும். எங்களுடைய துளைகளில் கம்பளப் பஞ்சு, தலைமயிர், தீக்குச்சி, ஒரு பிளாஸ்டிக் படைவீரன், ஒரு அரைப் பென்னி நாணயம். அரைப் பென்னியை பிரிட்டன் 1984இல் செல்லாதாக்கியது. அந்தத் துளை அதற்கு முன்பிருந்தே அடைபட்டிருக்கலாம்.

இனித் தரை.

அழுகாத பலகைகளை அப்படியே புதியதன்மேல் வைத்துக் கீறலாம். அழுகியதற்கு வடிவமே இல்லை. படகுக்குள் நேர்கோடு என்று ஒன்று கிடையாது. சுவர் வெளிப்பக்கம் விரிந்துகொண்டும் முன்னால் ஒடுங்கிக்கொண்டும் போகும். அளவுநாடாவோடு நான் குனிந்து நிற்பதைப் பார்த்த வெள்ளை ஓடாவி அதை வாங்கி என் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, ஒரு குச்சியைக் கொண்டுவந்தார். தட்டையான மரக்குச்சி, ஒரு நுனி கூர், ஓரத்தில் ஒழுங்கில்லாத பற்கள். தரை வரவேண்டிய மட்டத்தில் ஒரு வீண்பலகையை ஆடாமல் படுக்கவைத்தார். குச்சியின் கூரைப் படகுச் சுவரில் ஒரு புள்ளியில் முட்டவைத்து, குச்சி பலகையில் கிடக்கும் இடத்தைப் பற்களோடு சேர்த்துப் பென்சிலால் கீறினார். ஒரு சாண் தள்ளி அடுத்த புள்ளி, அடுத்த கீறல். இப்படிச் சுற்றிவர. பிறகு வெளியே கொண்டுபோய் அந்தப் பலகையைப் புதிய பிளைவுட்டின்மேல் வைத்து, குச்சியை ஒவ்வொரு கீறலுக்குள்ளும் திரும்பப் பொருத்தினால், கூர் எங்கே நிற்கிறதோ அங்கே படகுச் சுவர். புள்ளிகளை வளையக்கூடிய மெல்லிய சட்டம் ஒன்றால் இணைத்தால் வளைவு வந்துவிடும். எண் ஒன்றும் எழுதவில்லை, கூட்டிக் கழிக்கவில்லை. பற்கள் எதற்கென்றால் குச்சி முன்பின்னாக நழுவிப் பிழையான இடத்தில் கிடக்காமல் இருக்க. இருபது வருசம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அளவுகோல் எடுத்துக்கொடுத்த எனக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்கக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

இடதுபக்க வடிவத்தைத் திருப்பிப்போட்டு வலதுபக்கத்துக்கும் வெட்டலாம் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தார். அச்சில் வார்த்த படகுதான். ஆனால் உள்ளே மேசையும் படுக்கையும் மறிப்புச் சுவரும் கையால் பொருத்தியவை. சேற்றில் ஏறி இறங்கி வருசங்கள் போன பிறகு எந்தப் பக்கமும் மற்றப் பக்கத்தோடு ஒத்திருக்காது. குச்சியால் தனித்தனியே எடுத்தபோது இரண்டு பக்கத்துக்கும் ஒரு விரல் வித்தியாசம் இருந்தது. பலகையின் ஓரத்தைச் செங்குத்தாக வெட்டக்கூடாது, சுவரின் சரிவுக்குச் சாய்த்து வெட்டவேண்டும்; மேல்முகம் அகலம், கீழ்முகம் ஒடுக்கம். அதற்குப் பிறகும் சுற்றிவர மூன்று மில்லிமீற்றர் இடைவெளி விடவேண்டும். படகு அலையில் முறுகும், மரம் ஈரத்தில் பருக்கும். இறுக்கமாகப் பொருத்திய தரை கோடையில் அழகு. மழைக்காலத்தில் அதைக் கிளப்பக் கடப்பாரை வேண்டும்.

பலகை விஷயத்தில் அண்ணைக்கும் எனக்கும் சண்டை வந்தது. பழைய நல்ல படகுகளில் தேக்குப் பலகைக்கு இடையிடையே ஹொலி என்ற வெள்ளை மரத்தைக் கோடாகப் பதித்த தரை இருக்கும். அண்ணைக்கு அது வேண்டும். இப்போது அது பிளைவுட்டின்மேல் ஒட்டிய மெல்லிய தோலாகத்தான் வருகிறது, தோலின் தடிப்பு அரை மில்லிமீற்றர் அளவில். இரண்டுமுறை அரத்தாள் போட்டால் கீழே உள்ள மரம் பல்லிளிக்கும். விலையோ சாதாரணப் படகுப் பிளைவுட்டைவிடப் பலமடங்கு. "தேக்கு எண்டால் பர்மாத் தேக்கு," என்றார் அண்ணை. 2021இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு மியன்மாரின் அரச மர நிறுவனத்துக்கு பிரிட்டன் தடை போட்டுவிட்டது என்றேன். "எங்கடை ஆக்கள் ரங்கூனுக்குக் கப்பல் விட்ட காலத்தில உவங்கள் ஆர் தடை போட?" என்று தொடங்கினார்.

வல்வெட்டித்துறைக்காரர் ஒருவரோடு மரத்தைப் பற்றியோ கப்பலைப் பற்றியோ கதைத்தால் கால்மணித்தியாலத்துக்குள் அன்னபூரணி வந்துவிடும். ஊரில் கட்டிய இரட்டைப் பாய்மரக் கப்பல். வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கக் கடலோடி வாங்கி, மனைவியின் பெயரில் ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன் என்று பெயர் மாற்றினார். அது ஊர் மாலுமிகளோடு 1938இல் மாசசூசெட்ஸின் குளோஸ்ரர் துறைக்குப் போய்ச்சேர்ந்தது. அண்ணை சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் புயல் ஒன்று கூடும். நான் இடைமறிப்பதில்லை. அந்த மாலுமிகளில் யாராவது எங்கள் சென்டோரைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று மட்டும் சிலவேளை யோசிப்பேன்.

கடைசியில் சமாதானம் என் தோட்டத்துக் கொட்டிலில் கிடந்தது. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தைப் புதுப்பித்தபோது கழற்றிய பழைய மேசைப் பலகைகளில் சிலவற்றைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். அந்தக்கால பிரிட்டிஷ் பள்ளிகளின் ஆய்வுகூட மேசைகள் தேக்கிலோ இரோக்கோவிலோ செய்யப்பட்டவை. அமிலம் சிந்தினாலும் தாங்கும் என்பதற்காக. எங்களுடையது தேக்கு. வாளை வைத்ததும் எழுந்த எண்ணெய் மணத்தில் அண்ணை கண்ணை மூடிக்கொண்டார். மேலே பன்சன் அடுப்பு சுட்ட வட்டங்கள், கீழே தலைமுறை தலைமுறையாக ஒட்டிய சூயிங்கம், ஓரத்தில் யாரோ கொம்பாசால் செதுக்கிய இதயம். அதிலிருந்து தாங்கு சட்டங்களை வெட்டினோம். தேக்கின் எண்ணெய் பசையைப் பிடிக்கவிடாது என்பதால் ஒட்டும் முகத்தை அசிற்றோனால் துடைத்துவிட்டு உடனே ஒட்டவேண்டும். ஆக, பர்மாத் தேக்கு படகுக்குள் வந்துவிட்டது, யாரும் பார்க்காத இடத்தில். மேலே சப்பெலி மரப் பிளைவுட், பன்னிரண்டு மில்லிமீற்றர்.

பிளைவுட் வாங்குவதிலும் ஒரு சங்கதி. படகுக்கு உகந்த பிளைவுட்டுக்கு பி.எஸ். 1088 என்ற பிரிட்டிஷ் நியமம் இருக்கிறது. உள்ளே இடைவெளி இருக்கக்கூடாது, எல்லா அடுக்கும் நல்ல மரம், பசை கொதிதண்ணீரைத் தாங்கவேண்டும். முத்திரை குத்துவது சுலபம், அதனால் துண்டொன்றை வெட்டி அவித்துப் பார்ப்பது பழைய வழக்கம். அண்ணி வீட்டில் இல்லாத நேரம் பார்த்து இடியப்பம் அவிக்கும் பானையில் இரண்டு துண்டுகளைப் போட்டோம்: ஒன்று நாங்கள் வாங்கியது, மற்றது வீட்டுவேலைக் கடையில் எடுத்த மலிவுச் சாமான். மத்தியானம் தாண்ட மலிவு கொப்பித் தாள்களாகப் பிரிந்து மிதந்தது. மற்றது போட்டபடி கிடந்தது. அண்ணி வந்து மூடியைத் திறந்து பார்த்தார். "உதிலை ஆருக்கு இடியப்பம்?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பானை இப்போது என்னிடம் இருக்கிறது.

எப்பொக்சி பூசியது மாசி மாதம். பிசினையும் கடினமாக்கியையும் கலந்த கணத்திலிருந்து அது தன்பாட்டில் சூடேறும். குவளையில் குவித்து வைத்தால் சூடு தப்ப வழியில்லாமல் புகைவிட்டுக் கொதித்துக் கட்டியாகிவிடும். அகலத் தட்டில் ஊற்றிவிட்டால் அமைதியாக இருக்கும். அதேவேளை வெளியே குளிர் ஐந்து பாகைக்குக் கீழே போனால் சரியாக இறுகாது. வட கடலிலிருந்து வரும் கிழக்குக் காற்றுக்குள் நாங்கள் பிளாஸ்டிக் கூடாரம் கட்டி, எண்ணெய் ஹீற்றர் போட்டு, பிசின் தகரத்தைச் சுடுதண்ணி வாளியில் வைத்துக்கொண்டு பூசினோம். ஓரங்களுக்குத்தான் முழுக் கவனமும். பிளைவுட் முகத்தால் குடிப்பதைவிட ஓரத்தால் குடிப்பது அதிகம். அடுக்குகளின் வெட்டுவாய் அங்கேதான் திறந்திருக்கிறது. முதல் பூச்சை அப்படியே உறிஞ்சியது. மூன்றாவதில்தான் மினுக்கம் நின்றது. இறுகியதும் மேலே மெழுகுபோல ஒரு படலம் வரும். அதைத் தண்ணீரால் கழுவாமல் அரத்தாள் போட்டால் அடுத்த பூச்சு ஒட்டாது. திருகாணித் துளைகளைப் பெரிதாகத் துளைத்து, எப்பொக்சியால் நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவில் சரியான துளை போடவேண்டும். அப்போது திருகாணி மரத்தைத் தொடாது, தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டு மரத்துக்குள் இறங்காது. அலுப்பான வேலை. விட்டால் முழுத் தரையும் அந்தத் துளைகளால்தான் போகும்.

அண்ணை தரையை முழுதாக ஒட்டித் திருகி, கிரிக் சத்தமே வராமல் செய்ய விரும்பினார். வீட்டுத் தரை அப்படித்தானே. இதில் நான் வெள்ளை ஓடாவியின் பக்கம் போய்விட்டேன். படகில் தரை என்பது நிற்கிற இடமல்ல, மூடி. அதன் கீழேதான் கடலுக்குத் திறக்கும் அடைப்பான்கள், பம்பின் வாய், ஏராக்களைப் பிடித்திருக்கும் ஆணிகள் எல்லாம். சென்டோர் வைத்திருக்கும் பலர், வருசக்கணக்காகச் சேற்றில் குந்திய படகின் ஏரா அடியை உள்ளேயிருந்து பலப்படுத்துகிறார்கள். அதற்கும் முதலில் தரையைத் தூக்கவேண்டும். நடுக்கடலில் கால் நனைந்தால் ஓட்டையைத் தேடுவதற்கு முன்னால் தேடவேண்டியது திருகாணிச் சாவி என்றால் அந்தத் தரை எதற்கு?

ஆனால் சும்மா வைத்துவிடவும் முடியாது. 1979 ஓகஸ்டில் ஃபாஸ்ட்நெட் ஓட்டப்போட்டியில் 303 படகுகள் புறப்பட்டு, அயர்லாந்துக்குத் தெற்கே கடலில் புயலில் அகப்பட்டு, போட்டியாளர்களில் 15 பேர் இறந்துபோனார்கள். பல படகுகள் குப்புறப் புரண்டன. புரளும் படகுக்குள் கட்டிவைக்காத எல்லாமே ஆயுதம்: பற்றரி, சாப்பாட்டுத் தகரம், தரைப்பலகை. ஆகவே பிடித்திருக்கவும் வேண்டும், ஒரு கையால் திறக்கவும் வேண்டும். ஒவ்வொரு பலகைக்கும் திருப்பினால் விடுபடும் தாழ் ஒன்றும், பலகை மட்டத்துக்குப் பதிந்த பித்தளை வளையம் ஒன்றும் போட்டோம். வளையங்கள் ஒரு பழைய படகுச் சாமான் கடையில் கிடைத்தன. அண்ணை அவற்றை மினுக்கிய நேரத்தில் இன்னொரு தரை செய்திருக்கலாம்.

பலகைகளின் அடியில் எது எங்கே என்று அடையாளம் வேண்டும். அண்ணை எப்பொக்சிக்கு முன்னால் கறுப்பு மையால் முன்னிருந்து பின்னாக அ, ஆ, இ, ஈ, உ என்று எழுதி, வலதுபக்கத்துக்கு ஒரு கோடு போட்டுவிட்டார்.

பொருத்திய அன்று எல்லாம் இருந்தது, மேசையைத் தவிர. தாங்கு சட்டம் பழையதைவிடக் கொஞ்சம் தடிப்பு. தரை அந்தளவுக்கு உயர்ந்துவிட்டது. தரையில் ஊன்றும் மேசைக்காலும் உயர்ந்து மேசை பின்பக்கம் சரிந்து நின்றது. காலில் ஒரு விரல்கடை அறுத்தேன். தரை உயர்ந்ததால் தலை இடிக்கிறது என்று அண்ணை சொன்னது, தேக்குத் தோல் தரை கிடைக்காத கோபத்தில். வெள்ளை ஓடாவி வந்தார். வார்னிஷையோ வளையத்தையோ அவர் பார்க்கவில்லை. முழங்காலில் இருந்து ஒவ்வொரு பலகையாகக் கிளப்பி, மறுபடி விட்டார். பிறகு ஒரு வாளித் தண்ணீரை முன்பக்கத்தில் ஊற்றச் சொன்னார். அது சட்டங்களின் துளைகளால் ஓடிப் பின்னால் பம்பின் வாய்க்கு வந்து சேரும்வரை டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தேத்தண்ணி இருக்கிறதா என்று கேட்டார்.

அந்தப் படகில் அண்ணை சில கோடைகள் ஓடினார். அண்ணியும் இரண்டொரு தடவை வந்தார், பெருக்கில் மட்டும். முழங்கால் விட்டுப்போன பிறகு ஏணி ஏற ஏலாமல் ஒரு இளம் தம்பதிக்கு விற்றார். விற்கும்போது அந்தப் பிள்ளைகளைக் கேபினுக்குள் இறக்கி, வளையங்களைக் காட்டி, எல்லாப் பலகையையும் தூக்கிப் பார்க்கச் சொன்னார்; அவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு ஒன்றை மட்டும் தூக்கினார்கள். அடுத்த குளிர்காலத்தில் எனக்கு ஒரு படம் வந்தது. சுத்தம் செய்வதற்காகப் பலகைகளை எல்லாம் கழற்றிக் கரையில் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். இந்த வடிவங்களில் எது முதல், எது கடைசி என்று கேள்வி. வரிசையை எழுதி அனுப்பினேன். பிறகு அவர்கள் எழுத்துகளுக்குப் பக்கத்தில் 1, 2, 3 என்று மையால் போட்டுக்கொண்டார்கள். இகரத்துக்கும் ஈகாரத்துக்கும் இடம் மாறிவிட்டதாம், மூன்றாவது பலகை இறங்கவில்லை. திரும்பப் படம் அனுப்பச் சொன்னேன்.